மாமாவின் யந்திரமும் இருபத்தொரு எழுத்துக்களும்

பழைய பொருள்களின்மீது மனிதருக்கு உண்டாகும் பற்றினை வர்த்தகர்கள் நன்கறிவர். 1982ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஒரு சிறு வீட்டுக் கணினி, நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அதே உருவத்துடனும் அதே ரப்பர் விசைகளுடனும் புதிதாகச் செய்யப்பட்டு மீண்டும் கடைகளுக்கு வந்தது. ஸ்பெக்ட்ரம் என்பது அதன் பெயர். நடுவயதைக் கடந்தவர்கள் தம் பிள்ளைப் பருவத்தை விலை கொடுத்து வாங்க முற்பட்டனர். அச்செய்தியை வாசித்தபோது என் நெஞ்சமும் சற்றுக் கனத்தது. எனக்கென்று சொந்தமாக இருந்த முதற் கணினியும் அதுவே. ஆயின், நான் இழந்துவிட்டதாக எண்ணி ஏங்குவது அந்தக் கறுப்புப் பெட்டியையா, அன்றி அதற்கும் எனக்கும் இடையே நிலவிய ஓர் உறவையா? இக்கேள்விக்கு விடை காண்பது என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பயனுடையது என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

வாசகருக்கு ஓர் ஐயம் எழலாம். அந்த யந்திரம் அறிமுகமானது 1982ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி. நான் பிறந்ததோ 1988இல், யாழ்ப்பாணத்தில். 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வு எங்கள் குடும்பத்தையும் வீட்டைவிட்டு எழுப்பியது. வன்னியிற் சில மாதங்களைக் கழித்தபின், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறைகள் இரண்டில் வாடகைக்குக் குடியேறினோம். அப்பா அரசாங்கத் திணைக்களமொன்றில் லிகிதராகக் கடமையாற்றினார். கணினி என்பது வங்கிகளிலும் பெரிய கந்தோர்களிலும் இருக்கின்ற ஒரு பொருள் என்பதற்கு மேலாக எமக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. இந்த நிலையில்தான், இங்கிலாந்தில் வழக்கொழிந்துபோன ஒரு யந்திரம் எங்கள் வீட்டுக்குப் புதுமையாக வந்து சேர்ந்தது. எம்போன்ற நாடுகளின் எளிய வீடுகளுக்கு யந்திரங்கள் வந்து சேரும் வழி பெரும்பாலும் இதுதான்: ஓரிடத்தில் முதுமை எய்தியது இன்னோரிடத்தில் பிறக்கிறது.

அதைக் கொண்டுவந்தவர் அம்மாவின் மூத்த சகோதரர். 1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் லண்டனுக்குப் போனவர். இரவெல்லாம் பெற்றோல் நிலையமொன்றில் வேலை, பகலிற் படிப்பு. 1985இல் தம்முடைய கூலியில் மிச்சம் பிடித்து, ஒருவர் பாவித்துக் கழித்த ஸ்பெக்ட்ரத்தை அவர் வாங்கினாராம். கடையில் அதன் 16 கிலோபைற்று வகைக்கு 125 பவுணும், 48 கிலோபைற்று வகைக்கு 175 பவுணும் தொடக்க விலைகளாக இருந்தன. இரவுவேலைக்காரனுக்கு அது சிறு தொகையன்று. 1999ஆம் ஆண்டு தைப்பொங்கலை ஒட்டி அவர் முதன்முறையாக இலங்கைக்கு வந்தபோது, உடுப்புக்களுக்கு நடுவே துவாயொன்றில் சுற்றி அதனைக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது.

“மாமா, இது என்ன செய்யும்?” என்று கேட்டேன்.

“இதுக்கு ஒண்டும் தெரியாது, தம்பி. நீ சொல்லிக் குடுத்தால் மட்டும் செய்யும்” என்றார் அவர்.

அது ஒரு கொப்பியை விடச் சற்றே பெரிய பெட்டி. தனக்கென ஒரு திரையும் அதற்கில்லை. வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் அன்ரெனாத் துளையில் அதன் வயரைச் செருகி, 36ஆம் அலைவரிசையைத் தேடிப் பிடித்தல் வேண்டும். படம் தெளிந்ததும், வெண்மையான திரையின் அடியில் உரிமை கோரும் ஒற்றை வரி தோன்றும். விசையொன்றை அழுத்தினால் அவ்வரி மறைந்து, ஓர் எழுத்து மின்னி மின்னி நிற்கும். அவ்வளவுதான். படங்களில்லை, பட்டியல்களில்லை, எதையேனும் வாங்கும்படி கேட்கும் விளம்பரமுமில்லை. ‘நீ சொல்லு, நான் கேட்கிறேன்’ என்பது போன்ற ஒரு காத்திருப்பு மட்டுமே அங்கிருந்தது.

அதனோடு பேசுவதற்குரிய மொழி பேசிக் எனப்பட்டது. மாமாவின் பெட்டிக்குள் அதனைக் கற்பிக்கும் கைந்நூலொன்றும் இருந்தது; ஸ்ரீவன் விக்கேர்ஸ் என்பவர் எழுதியது. யந்திரத்தை எவ்வாறு பாவிப்பது என்பதோடு நில்லாமல், அதன் உள்ளே எண்கள் எவ்வாறு சேமிக்கப்படுகின்றன, நினைவகத்தின் எந்த முகவரியில் எது இருக்கிறது என்பனவற்றையெல்லாம் ஒளிவுமறைவின்றி அந்நூல் எடுத்துரைத்தது. தமிழ்மூலம் கற்ற எனக்கு அதன் ஆங்கிலம் மலையாகத் தோன்றியது. மாலையில் கந்தோரால் வந்த அப்பா, தேநீரை அருந்திவிட்டு, ஒரு பந்தியை வாசித்துத் தமிழிற் சொல்லுவார். அவருக்கும் விஷயம் விளங்காது. மொழி மட்டும் விளங்கும். எனக்கு மொழி விளங்காது. விஷயம் மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. இருவரும் சேர்ந்தால் ஒரு முழு வாசகன் ஆனோம்.

என் பெயரை எழுதும்படி யந்திரத்துக்கு ஒரு கட்டளை. திரும்பவும் அதே கட்டளைக்குப் போகும்படி இன்னொரு கட்டளை. இவ்விரண்டு வரிகளே நான் எழுதிய முதல் நிரல். பெயர் திரை முழுவதும் நிறைந்து, மேலும் உருட்டவா என்று யந்திரம் என்னிடமே அனுமதி கேட்டது. ஒதுங்கி வாழ்ந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளையிடம், எதையேனும் செய்வதற்கு யாரும் அனுமதி கேட்டது அதுவே முதற்றடவை என்று நினைக்கிறேன்.

ஆயின் அந்தப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டால், அதற்குத் தமிழ் என்றொரு மொழி உண்டென்பதே தெரியாது. அதன் அழியா நினைவகமாகிய 16 கிலோபைற்றுக்குள் ஆங்கில எழுத்துக்களே பொறிக்கப்பட்டிருந்தன. இங்குதான் அக்கைந்நூலின் ஓர் அத்தியாயம் எனக்குக் கைகொடுத்தது. பாவிப்பவர் தாமே புதிய எழுத்துக்களை வரைந்துகொள்ளுமாறு அந்த யந்திரம் இருபத்தொரு வெற்றிடங்களை ஒதுக்கி வைத்திருந்தது. ஒவ்வோரிடமும் எட்டு வரிசையும் எட்டு நிரலும் கொண்ட ஒரு கட்டம். மை படவேண்டிய புள்ளிக்கு 1. படக்கூடாத புள்ளிக்கு 0. கணிதத்தில் வட்டத்தின் விகிதத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்தைக் கைந்நூல் உதாரணமாகக் காட்டியிருந்தது. கிரேக்கத்துக்கு முடியுமானால் தமிழுக்கு ஏன் முடியாது?

கணிதக் கொப்பியின் சதுரக்கோட்டுத் தாளில் நான் வரையத் தொடங்கினேன். பகரம் இலகுவாக வந்தது. இரண்டு நிலைக்கோடுகளும் அடியில் ஒரு கிடைக்கோடும். எண்களாகச் சொன்னால் 0, 66, 66, 66, 66, 66, 126, 0. டகரம் அதைவிட இலகு. ஆயின் ழகரம் எட்டுப் புள்ளிகளுக்குள் நெரிபட்டது. ணகரமோ ஒரு கட்டத்துக்குள் அடங்கவேயில்லை. அதற்கு இரண்டு கட்டங்களைக் கொடுத்து, இடப்பாதி வலப்பாதியாகப் பிரிக்க நேர்ந்தது. ‘அம்மா’, ‘தமிழ்’, ‘வணக்கம்’ என்னும் மூன்று சொற்களை எழுதுவதற்கே பன்னிரண்டு இடங்கள் முடிந்துபோயின. எஞ்சியவை ஒன்பது. தமிழ் எழுத்துக்களோ இருநூற்று நாற்பத்தேழு.

எந்த எழுத்தை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று பல இரவுகள் யோசித்தேன். அப்பொழுதுதான், ஆகாரத்தைக் குறிக்கும் கால் தனியே நிற்கிறது. ஆகவே அதனை ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்களோடும் சேர்க்கலாம். ஆனால் இகரமும் உகரமும் மெய்யின் உடலோடு ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைத் தனித்தனியே வரையவேண்டும் என்பன எனக்குப் புலனாயின. உயிர், மெய், உயிர்மெய் என்ற பாகுபாட்டை வகுப்பில் மனனம் செய்திருந்தேன். அது ஏன் அவ்வாறு வகுக்கப்பட்டது என்பதை அந்த இருபத்தொரு கட்டங்களே எனக்கு உணர்த்தின. பின்னாளிற் சர்வகலாசாலையில் தமிழைச் சிறப்புப் பாடமாக நான் பயிலக் காரணம் என்னவென்று கேட்பவர்களுக்கு, கணினிதான் என்று நான் சொல்லும்போது அவர்கள் சிரிப்பதுண்டு.

செய்த வேலையைக் காப்பாற்றி வைப்பதும் பெரும்பாடாக இருந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் யந்திரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே நிரல்களைச் சாதாரண ஒலிநாடாக் கசெற்றிற் பதிந்து வைத்தோம். திரும்ப ஏற்றும்போது திரையின் விளிம்பில் வண்ணக் கோடுகள் ஓட, காதைத் துளைக்கும் ஒரு கீச்சொலி எழும். பெரிய நிரலொன்று ஏறுவதற்கு ஐந்து நிமிடம் வரை செல்லும். அம்மாவின் பக்திப்பாடற் கசெற்றொன்றின் வெறுமையான மறுபக்கம் எனக்குத் தரப்பட்டிருந்தது. ஒருநாள் அம்மம்மா அப்பக்கத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு, “முருகா, பேய் அழுற மாதிரியெல்லே கிடக்கு!” என்று நெஞ்சில் கை வைத்தார். 2001ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் நாட்டில் மின்வெட்டுக் கடுமையாக இருந்தபோது, பாதி எழுதிய நிரல்கள் எத்தனையோ இருளில் அழிந்தன. மறுநாள் அவற்றை மனத்திலிருந்தே மீண்டும் எழுதுவேன். இரண்டாம் முறை எழுதியது முதலாவதைவிடச் சுருக்கமாக இருக்கும்.

இந்த இன்பத்தை எனக்கு அளித்தவர் யார்? மாமாவா? அந்த யந்திரத்தை உருவாக்கி விற்ற கிளைவ் சின்கிளேயரா? அவர் 2021இல் மறைந்தபோது பத்திரிகைகள் அவரை ஒரு மேதை என்று புகழ்ந்தன. மலிவான கணினியைச் சாமானியரின் வீட்டுக்குக் கொண்டுவந்த பெருமையை அவருக்கு மறுக்கவேண்டியதில்லை. எனினும் ஒரு தனிமனிதரின் மேதைமையால் மட்டும் எந்தச் சாதனமும் பிறப்பதில்லை. பேசிக் மொழியை 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் இரு ஆசிரியர்கள் ஆக்கினார்கள். விஞ்ஞானமும் கணிதமும் பயிலாத மாணவர்களும் கணினியோடு உறவாட வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். எங்களைப் போன்ற கலைத்துறை மாணவர்களை எண்ணியே அது பிறந்தது எனலாம். தொடக்கத்தில் அதனைக் காசாக்க அவர்கள் முற்படவில்லை. 1980களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி., கணினி அறிவை நாடு முழுவதற்கும் பரப்பும் திட்டமொன்றைத் தொடங்கி, 1982 ஜனவரியிலிருந்து தொலைக்காட்சி வாயிலாகப் பாடம் நடத்தியது. பாடசாலைகள் கணினி வாங்குவதற்கான செலவிற் பாதியை அரசாங்கம் ஏற்றது. வர்த்தகர் விற்றார்கள் என்பது உண்மை. ஆயின் கற்கும் ஆவலைப் பொதுப்பணமும் ஆசிரியர்களும் சேர்ந்தே வளர்த்தார்கள்.

கைகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஸ்பெக்ட்ரம் யந்திரங்கள் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில், ரைமெக்ஸ் என்னும் கடிகாரக் கொம்பனியின் ஆலையிற் பொருத்தப்பட்டன என்பதை நான் சர்வகலாசாலையில் இருந்தபோதுதான் வாசித்து அறிந்தேன். டண்டீ நகரம் அதற்கு முன்னர் சணலுக்குப் பெயர்போனது. வங்காளத்து விவசாயிகள் விளைவித்த சணலை, அந்நகரத்து ஆலைகளிற் பெரும்பாலும் பெண்களே நூலாக்கி நெய்தார்கள். சணல் ஆலைகள் தேய்ந்தபின் வளர்ந்த ரைமெக்ஸ் ஆலையின் வரிசைகளிலும் பெண்களே பெரும்பான்மையினர். என் மேசையில் இருந்த பெட்டியின் ஒவ்வொரு திருகாணியையும் அத்தகையவொரு பெண்ணின் விரல்கள் முறுக்கியிருக்கும்.

அவர்களுக்கு என்ன நேர்ந்தது? சில ஆண்டுகளுக்குள் ஸ்பெக்ட்ரம் வேறு கொம்பனியின் கைக்கு மாறி, வேறு நாடுகளிற் செய்யப்படலாயிற்று. 1993 ஜனவரியில் ஆட்குறைப்பை எதிர்த்து ரைமெக்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பெப்ரவரியில், வேலைக்குத் திரும்ப முன்வந்தவர்களிடம் சம்பள உயர்வையும் சலுகைகளையும் விட்டுக்கொடுக்கும்படி நிர்வாகம் கேட்டது. அவர்கள் மறுத்தபோது முந்நூற்றுக்கு மேற்பட்டோர் வேலைநீக்கப்பட்டு, அவர்களின் இடத்துக்கு வேறு ஆட்கள் பஸ்களில் ஏற்றிவரப்பட்டனர். மாதக்கணக்காக அப்பெண்கள் ஆலைவாசலில் மறியல் செய்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. 2024இல் ஸ்பெக்ட்ரம் மீண்டும் வந்தபோது அதன் வடிவம் திரும்பி வந்தது. அந்த வாசலில் நின்றவர்களின் நினைவு அதனோடு வரவில்லை.

எனினும் அந்நகரத்துக்கு ஒரு பயன் எஞ்சியது. யந்திரம் செய்யப்பட்ட ஊரிலேயே அதனைத் திறந்து பார்த்து விளையாடிய இளைஞர்கள் பலர் உருவானார்கள். ரைமெக்ஸ் ஆலையில் தொழில் பயின்ற டேவிட் ஜோன்ஸ் என்பவர், அங்கிருந்து நீங்கியபின், நண்பர்களுடன் சேர்ந்து டண்டீயில் கணினி விளையாட்டுக்களை எழுதும் நிலையமொன்றைத் தொடங்கினார். 1991இல் அவர்கள் ஆக்கிய லெமிங்ஸ் உலகெங்கும் பரவியது. செய்யும் கைக்கும் சிந்திக்கும் மூளைக்கும் இடையே சுவர் இல்லாவிடின் என்ன விளையும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1978இல் தொடங்கப்பட்ட எமது கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எமது பெண்கள் தைத்த ஆடைகள் உலகமெங்கும் போயின. ஆடையின் வடிவமைப்பு மட்டும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது.

இன்று நான் மலையகத்துப் பாடசாலையொன்றிற் கற்பிக்கிறேன். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, லயத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த கைத்தொலைபேசிகளைப் பகிர்ந்துகொண்டு, சமிக்ஞை கிடைக்கும் மேட்டுத் தேயிலை மலைக்கு எம் மாணவர்கள் ஏறினார்கள். அந்தத் தொலைபேசியின் நினைவகம் மாமாவின் யந்திரத்தினுடையதைப் போலப் பல்லாயிரம் மடங்கு பெரியது. இக்கட்டுரையையே எடுத்துக்கொண்டால், இன்றைய முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்று வீதம் செலவாவதால், இது முழுவதும் அந்தப் பழைய யந்திரத்தின் 16 கிலோபைற்று வகையின் நினைவகத்தில் அடங்காது. ஆயினும், அத்துணை வலிமை படைத்த சாதனம் எம் பிள்ளையிடம் கேட்பது என்ன? பார், விரும்பு, வாங்கு, அடுத்ததற்குப் போ. அதன் உள்ளே நுழைவதற்கான கதவு பிள்ளையின் கண்ணிற் படாத இடத்தில் இருக்கிறது. பதினொரு வயதில் நான் ஒரு யந்திரத்துக்கு ஆசிரியனாக இருந்தேன். என் மாணவரோ, யந்திரத்தின் வாடிக்கையாளராக மட்டும் வளர்க்கப்படுகிறார்கள்.

பழைய காலமே பொற்காலம் என்று நான் வாதிடவில்லை. ஐந்து நிமிடம் கீச்சிட்டு ஏறும் கசெற் யாருக்கும் வேண்டாம். 1991இல் வெளியான யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் கிடைத்தது. அதனால் இன்று எந்தத் தொலைபேசியிலும் ணகரம் இரண்டாகப் பிளக்கப்படாமல் நிற்கிறது. இவை பெரும் முன்னேற்றங்கள். நான் கேட்பது இவ்வளவே: சாதனம் வளரும்போது, அதனைப் பற்றிய அறிவு ஏன் சிலரிடம் சுருங்கவேண்டும்? தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் எமது பாடசாலைகளில் தமிழ்மூலம் கற்பிக்கப்படுகிறது. கணினிகள் பழுதடைந்து பூட்டிய அறையிற் கிடக்கும் பாடசாலைகளில் அது கரும்பலகைப் பாடமாகிவிடுகிறது. அதனைக் கணினி ஆசிரியரின் கவலை என்று மொழியாசிரியராகிய நாம் விட்டுவிடுவது தகாது.

சென்ற ஆண்டு பத்தாந் தர மாணவர்களுக்கு எழுத்திலக்கணம் கற்பித்தபோது, சதுரக்கோட்டுத் தாளைக் கொடுத்து, எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தத்தம் பெயரை 0, 1 ஆகியவற்றால் வரையச் சொன்னேன். கணினி எதுவும் தேவைப்படவில்லை. பென்சில் போதுமாக இருந்தது. கணித பாடத்தின் துவித எண்கள் தமிழ் வகுப்புக்குள் வந்ததைக் கண்டு முதலிற் சிரித்தார்கள், பின்னர் மும்முரமாகிவிட்டார்கள். கொழுந்து பறிக்கும் தாயொருவரின் மகள் எழுந்து, “சேர், போன்ல இருக்கிற தமிழும் இப்படித்தான் உள்ளுக்கு இருக்குதா?” என்று கேட்டாள். அடிப்படை இதுதான் என்றேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் பெயரிலுள்ள ழகரம் எட்டுப் புள்ளிக்குள் அழகாக வராது என்றும், பத்துப் புள்ளியாவது வேண்டும் என்றும் என்னோடு வாதாடினாள்.

“எட்டுத்தான்னு யாரு சேர் முடிவு பண்ணினது?”

அதற்குரிய விடை அந்தப் பழைய யந்திரத்தின் பைற்றில் எட்டுத் துணுக்குகள் இருந்தன என்பது. அதனைச் சொன்னேன். அவள் அதோடு நிற்கவில்லை; அப்படிச் செய்தவர்கள் தமிழை நினைத்துப் பார்த்தார்களா என்று மேலும் கேட்டாள். இல்லை என்றேன். அன்று மணி அடித்தபின்பும் அந்த வகுப்பு கலையவில்லை. நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் ஒரு சதுரக்கோட்டுத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். வரும் கேள்விகளை எமக்கும் எழுதுங்கள்.